காருக்கு எந்த எண்ணெய்?

மண்டகப்பட்டு!

விழுப்புரத்தில் இருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் இருக்கிறது இந்தச் சிற்றூர். இங்கே ஒரு பாறை. பாறையைக் குடைந்து ஒரு கோவில். அதன் முகப்பில், இரண்டு பக்கமும் வாயிற்காவலர்கள் சிலையாக நிற்கிறார்கள்.

ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன், மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த கோவில் இது. அந்தப் பெருமையை அவனே கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்புக் காரையும் இல்லை. இவை எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், திருமால் ஆகிய மூவருக்கும் கோவில் எடுத்தேன் என்பது அந்தக் கல்வெட்டின் கருத்து.

உலோகம் இல்லாமல் கோவில் எடுத்து விட்டான் மன்னன். உலோகம் இல்லாமல் கார் ஓட்ட முடியுமா?

முடியாது. காரின் என்ஜின் முழுவதும் இரும்பும் அலுமினியமும்தான். அங்கே உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. உரசினால் சூடு ஏறும். சூடு ஏறினால் தேயும். தேய்ந்தால் ஒரு நாள் இறுகி நின்று விடும். அப்படி நிற்காமல் காப்பது எது தெரியுமா? எண்ணெய். பெட்ரோல் அல்ல, டீசல் அல்ல. அடியில் ஒரு தொட்டியில் கிடக்கிறதே, அந்த மூன்று நான்கு லிட்டர் என்ஜின் எண்ணெய்.

செஞ்சிச் சாலையில் இப்போது கார்களுக்குக் குறைவு இல்லை. 2025 ஜூலை மாதம் செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. மராட்டியர் கோட்டைகள் 12 சேர்ந்த அந்தப் பட்டியலில், மராட்டியத்துக்கு வெளியே உள்ள கோட்டை செஞ்சி ஒன்றுதான். கோட்டை பார்க்க வருகிறவர்கள், திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள், மேல்மலையனூருக்குப் போகிறவர்கள் என்று வாடகைக் காருக்கு எப்போதும் வேலை இருக்கிறது.

கடன் வாங்கிக் கார் எடுத்து ஓட்டுகிறவர்கள் பலர். மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். அந்தக் காரின் என்ஜின் இறுகி விட்டால் என்ன ஆகும்? என்ஜினைப் பிரித்துச் சேர்க்கப் பல பத்தாயிரம் ரூபாய் வேண்டும். வண்டி வாரக்கணக்கில் பட்டறையில் நிற்கும். வண்டி நின்றாலும் தவணை நிற்காது. பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணமும் நிற்காது.

காரோட்டி ஒருவரை நிறுத்தி, "இன்று பெட்ரோல் என்ன விலை?" என்று கேளுங்கள். பைசா சுத்தமாகச் சொல்வார். "என்ஜினில் என்ன எண்ணெய் இருக்கிறது?" என்று கேளுங்கள். தலையைச் சொறிவார்.

"மெக்கானிக் ஏதோ ஊற்றினார்!"

பத்துக்கு எட்டுப் பேரிடம் கிடைக்கும் பதில் இதுதான் என்று நான் பந்தயம் கட்டத் தயார்.

வண்டி மை

நம் தாத்தாக்கள் இப்படி இருக்கவில்லை. அவர்கள் மாட்டு வண்டி வைத்திருந்தார்கள். மரச் சக்கரத்துக்கும் இரும்பு அச்சுக்கும் நடுவே மை போட்டார்கள். "வண்டி மை" என்று அதற்குப் பெயர். வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் வண்டி மை ரெடி. அதை ஒரு மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியில் கட்டித் தொங்க விட்டிருப்பார்கள். வழியில் சக்கரம் கிறீச்சிட்டால் வண்டியை நிறுத்தி, கடையாணியைக் கழற்றி, மை போட்டு, மறுபடியும் ஓட்டுவார்கள். எப்போது மை போட வேண்டும், எவ்வளவு போட வேண்டும் என்பது வண்டிக்காரருக்குத் தெரியும். அதற்கு அவர் யாரையும் கேட்டதில்லை.

இன்னொரு வேடிக்கை. அந்த விளக்கெண்ணெய்தான் ஒரு காலத்தில் ஆகாய விமானத்துக்கும் எண்ணெய்! 1914-ல் தொடங்கிய முதல் உலகப் போரில் பறந்த பல விமானங்களின் என்ஜின்களுக்கு ஆமணக்கு எண்ணெய்தான் ஊற்றினார்கள். சூட்டில் அது எளிதில் பிடி விடாது. "காஸ்ட்ரால்" என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயர் 1909-ல் வந்தது. ஆமணக்கு எண்ணெய்க்கு ஆங்கிலத்தில் "காஸ்டர் ஆயில்". அதில் இருந்து பிறந்ததுதான் அந்தப் பெயர். நம் ஊர் வேலியில் முளைக்கும் செடி, சீமை எண்ணெய்க்குப் பெயர் கொடுத்து விட்டது!

பிறகு பூமிக்கு அடியில் இருந்து எடுக்கும் கச்சா எண்ணெயே மசகு எண்ணெய்க்கும் தாய் ஆயிற்று. சென்னை மணலியில் 1969-ல் வேலையைத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலையில் பெட்ரோல், டீசலோடு மசகு எண்ணெய்க்கான மூல எண்ணெயும் எடுத்தார்கள். அந்த மூல எண்ணெயில் பலவகை மருந்துகளைச் சேர்த்தால் என்ஜின் எண்ணெய். மருந்து என்று நான் சொல்வது ரசாயனங்களை. ஒன்று அழுக்கைக் கழுவும். ஒன்று துருவைத் தடுக்கும். ஒன்று நுரை வராமல் பார்க்கும். ஒன்று சூட்டிலும் எண்ணெய் ரொம்ப நீர்த்துப் போகாமல் பிடித்து வைக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது?

என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது, அதில் உள்ள பிஸ்டன் ஒரு விநாடியில் 50 தடவை மேலே போய்க் கீழே வருகிறது. மேலே நெருப்பு எரிகிறது. இரும்பையே உருக்கும் சூடு அது. ஆனாலும் இரும்பு உருகுவதில்லை. நெருப்பு எரிவது நொடியில் ஒரு சிறு துளி நேரம்தான். அந்தச் சூட்டையும் தண்ணீரும் எண்ணெயும் உடனுக்குடன் வாங்கிக்கொண்டு போகின்றன.

எண்ணெய்க்கு நான்கு ஐந்து வேலை. உரசும் இடங்களுக்கு நடுவே மெல்லிய படலமாக நிற்க வேண்டும். சூட்டை வாங்க வேண்டும். கரியையும் பொடியையும் கழுவிச் சுமந்து வந்து வடிகட்டியில் சேர்க்க வேண்டும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்தை அடைக்க வேண்டும். அந்தப் படலம் எவ்வளவு மெல்லியது என்றால், பல இடங்களில் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கனம்கூட இருக்காது. அந்த மெல்லிய படலம் கிழிந்தால் போச்சு. உலோகம் உலோகத்தைத் தின்னும்.

டப்பாவில் உள்ள எண்கள்

எண்ணெய் டப்பாவைக் கையில் எடுங்கள். அதில் 5டபிள்யூ-30 என்றோ, 20டபிள்யூ-40 என்றோ போட்டிருக்கும். இது விலை அல்ல. தரமும் அல்ல. எண்ணெய் எவ்வளவு கெட்டி, எவ்வளவு இளக்கம் என்பதைக் காட்டும் எண்.

அமெரிக்காவில் மோட்டார் என்ஜினீயர்கள் சங்கம் ஒன்று இருக்கிறது. அந்தச் சங்கம் 1911-ல் இந்தக் கணக்கைத் தொடங்கியது. இன்றைக்கும் உலகம் முழுவதும் அதே கணக்குத்தான், அவ்வப்போது திருத்தப்பட்டு வருகிறது.

"டபிள்யூ" என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. அதற்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் குறைந்தால், குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போது எண்ணெய் சீக்கிரம் ஓடும். டபிள்யூவுக்குப் பின்னால் இருக்கும் எண், சூட்டில் எண்ணெய் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிறது. 20 என்றால் இளக்கம். 30 நடுத்தரம். 40 கெட்டி. 50 இன்னும் கெட்டி. தண்ணீர் கொதிக்கும் சூடான 100 டிகிரியில் வைத்து இதை அளக்கிறார்கள். அந்தச் சூட்டில் 40 எண் எண்ணெய், 20 எண் எண்ணெயைவிட ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு கெட்டி.

"எங்கள் ஊரில் ஏது பனிக்காலம்? முதல் எண் நமக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. செஞ்சியில் பனி உறைவதில்லைதான். ஆனால் காலையில் காரைக் கிளப்பும்போது எண்ணெய் ஆறிக் கிடக்கிறது. சித்திரை வெயில் சூடான 40 டிகிரியிலேயே எண்ணெய் 100 டிகிரியில் இருப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கெட்டியாக இருக்கும். கிளப்பிய முதல் சில விநாடிகளில், எண்ணெய் மேலே ஏறி எல்லா இடத்துக்கும் போய்ச் சேர வேண்டும். சேரும்வரை, பழைய எண்ணெயின் பிசுக்குத்தான் துணை. என்ஜின் அதிகம் தேயும் நேரம் அதுதான். சீக்கிரம் ஓடும் எண்ணெய் அங்கே உதவுகிறது.

"நம்ம ஊர் வெயிலுக்கு..."

ஒரு பட்டறையில் நடக்கும் பேச்சைக் கேளுங்கள்.

"அண்ணே, புதுசா எடுத்த வண்டி. என்ன ஆயில் ஊத்துறீங்க?"

"உனக்கு எதுக்குப்பா அந்தக் கவலை? எல்லா வண்டிக்கும் ஊத்துறதுதான். நல்ல கெட்டி ஆயில்!"

"புத்தகத்துல வேற என்னமோ போட்டிருக்குண்ணே."

"புத்தகம் எழுதுனவன் நம்ம ஊர் வெயிலைப் பாத்திருக்கானா? அந்த ஆயில் தண்ணி மாதிரி இருக்கும். இந்த வெயிலுக்கு நிக்காது!"

தம்பி வாயை மூடிக்கொள்கிறார். அண்ணன் டப்பாவைத் திறக்கிறார்.

அண்ணன் கெட்டவர் அல்ல. அவர் தொழில் கற்ற காலத்தில் அது சரி. அம்பாசிடர் கார் ஓடிய காலம் அது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961-ல் வெளிவந்தது. அந்தக் கார்களின் என்ஜினில் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே சந்து அதிகம். அந்தச் சந்தை நிரப்பக் கெட்டி எண்ணெய் வேண்டும். அண்ணன் கெட்டி எண்ணெய் ஊற்றினார். வண்டி நன்றாக ஓடியது. அவர் அனுபவம் பொய் அல்ல.

ஆனால் வண்டி மாறி விட்டது! இன்றைய என்ஜினில் சந்துகள் மிகவும் குறுகல். எண்ணெய் போகும் வழிகள் ஊசி நுழையும் துவாரங்கள். பல என்ஜின்களில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுவதற்கே எண்ணெயின் அழுத்தத்தைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே கெட்டி எண்ணெய் ஊற்றினால் போய்ச் சேர நேரம் ஆகும். என்ஜின் சிரமப்பட்டுச் சுற்றும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். சில புதிய பெட்ரோல் கார்களுக்கு 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என்று மிக இளக்கமான எண்ணெயையே கம்பெனிக்காரர்கள் சொல்கிறார்கள்.

வெயில் வாதத்துக்கு வருவோம். வெளியே 40 டிகிரி வெயில் அடிக்கலாம். ஆனால் என்ஜின் சூடேறிய பிறகு, அதன் உள்ளே ஓடும் தண்ணீர் 90 டிகிரி அளவில் இருக்கும்படி ஒரு கருவி பார்த்துக்கொள்கிறது. லண்டனில் ஓடினாலும் அதே சூடுதான். செஞ்சியில் ஓடினாலும் அதே சூடுதான். மேடு ஏறும்போதும், சுமை அதிகம் இருக்கும்போதும் எண்ணெயின் சூடு இன்னும் ஏறும், உண்மை. அதையும் கணக்குப் பார்த்துத்தான், இந்தியாவில் விற்கும் காருக்கு இந்த எண்ணெய் என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். நம் வெயில் அவர்களுக்குத் தெரியாதது அல்ல. அவர்கள் நம்மிடம்தான் விற்கிறார்கள்!

இதையே தலைகீழாகவும் செய்யக்கூடாது. இளக்க எண்ணெய் நல்லது என்று கேள்விப்பட்டு, 25 வருடப் பழைய காருக்கு 0டபிள்யூ-20 ஊற்றினால் அந்த என்ஜினில் எண்ணெய் அழுத்தம் விழுந்து விடும். சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனர் தன் காருக்கு என்ன ஊற்றுகிறார் என்பதும் உங்களுக்கு வேண்டாத விஷயம். அவர் கார் வேறு, உங்கள் கார் வேறு.

சரி, ஓடி ஓடித் தேய்ந்த பழைய கார். எண்ணெய் குடிக்கிறது. அதற்கு என்ன செய்வது? பல கார்களின் புத்தகத்தில் இரண்டு மூன்று எண்ணெய்களைச் சொல்லி இருப்பார்கள். அவற்றுக்குள் கெட்டியானதை எடுங்கள். அந்த வரம்பைத் தாண்ட வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

எஸ், சி என்ற எழுத்துகள்

எண்ணைப் பார்த்தால் போதுமா? போதாது. டப்பாவில் இரண்டு எழுத்துகளும் இருக்கும். எஸ்.என்., எஸ்.பி., சி.கே.4 என்பதுபோல. "எஸ்" என்று தொடங்கினால் பெட்ரோல் என்ஜினுக்கு. "சி" என்று தொடங்கினால் டீசல் என்ஜினுக்கு. ஒரே டப்பாவில் இரண்டும் இருந்தால் இரண்டுக்கும் ஆகும்.

இரண்டாவது எழுத்து, அந்த எண்ணெய் எந்தக் காலத்துத் தரம் என்பதைக் காட்டுகிறது. எழுத்து முன்னேற முன்னேறத் தரம் புதிது. எஸ்.எஃப். என்ற தரம் 1988 வரை வந்த கார்களுக்குத்தான் பொருந்தும் என்று அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமே சொல்கிறது. எஸ்.பி. 2020-ல் வந்தது. எஸ்.க்யூ. 2025-ல் வந்தது. பெட்ரோல் கார்களைப் பொறுத்தவரை, உங்கள் புத்தகம் எஸ்.என். என்று சொன்னால் எஸ்.பி. ஊற்றலாம். புதியது பழையதன் வேலையையும் செய்யும். எஸ்.பி. என்று சொன்னால் எஸ்.எஃப். ஊற்றக்கூடாது. பேத்தியின் சட்டை பாட்டிக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் கதை அல்ல இது. கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்றால் நம்பாதீர்கள்.

டீசல் கார்க்காரர்கள் ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் தேதி முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாடு வந்தது. அதன் பிறகு வந்த டீசல் கார்களில், புகைக்குழாயில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது விலை உயர்ந்த பொருள். எரிந்தால் சாம்பல் அதிகம் விடும் எண்ணெயை ஊற்றினால், அந்தச் சாம்பல் வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும். அதற்கென்று சாம்பல் குறைந்த எண்ணெய் இருக்கிறது. லாரிக்கு வாங்கிய எண்ணெய் பீப்பாயில் மிச்சம் இருக்கிறதே என்று இந்தக் காருக்கு ஊற்றினால், நூறு ரூபாய் மிச்சம் பிடித்து ஆயிரக்கணக்கில் தண்டம் அழ வேண்டியதுதான்.

மோட்டார் சைக்கிளுக்குக் கார் எண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்சும் அதே எண்ணெயில்தான் முழுகிக் கிடக்கிறது. காருக்கான எண்ணெயில் வழுக்கல் மருந்து இருந்தால், கிளட்ச் பிடிக்காமல் வழுக்கும். மோட்டார் சைக்கிள் எண்ணெய் டப்பாவில் "ஜாசோ எம்.ஏ." என்ற ஜப்பான் நாட்டு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

விலை கூடினால் உசத்தியா?

சாதாரண எண்ணெய், பாதி செயற்கை எண்ணெய், முழுச் செயற்கை எண்ணெய் என்று மூன்று வகை விற்கிறார்கள். சின்தெடிக் என்று கடையில் சொல்வது செயற்கை எண்ணெயைத்தான். அது அதிகச் சூட்டைத் தாங்கும். சீக்கிரம் கெடாது. டர்போ வைத்த என்ஜினுக்கு அது நல்லது. மிக இளக்கமான எண்ணெய்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

ஆனால் புத்தகமே சாதாரண எண்ணெய் போதும் என்று சொல்லும் பழைய காருக்கு, கடன் வாங்கி விலை உயர்ந்த எண்ணெய் ஊற்ற வேண்டிய தேவை இல்லை. சரியான எண்ணும் சரியான எழுத்தும் உள்ள மலிவான எண்ணெய், தவறான எண் உள்ள விலை உயர்ந்த எண்ணெயைவிட மேல். பொதுத்துறைக் கம்பெனிகளின் சர்வோ, மாக், எச்.பி. எண்ணெய்களிலும் எல்லா எண்களும் கிடைக்கின்றன. எந்தக் கம்பெனி என்பது இரண்டாம் பட்சம்.

கல்லாவுக்குப் பக்கத்தில் சின்னப் புட்டிகளில் ஏதோ விற்கிறார்களே, எண்ணெயோடு கலந்தால் மைலேஜ் கூடும் என்று? எண்ணெயில் சேர்க்க வேண்டிய மருந்தை எல்லாம் அளந்து சேர்த்துத்தான் டப்பாவில் அடைக்கிறார்கள். அதன் மேல் நீங்கள் வேறு சேர்க்க வேண்டுமா? வைத்தியர் கொடுத்த மருந்தில் பக்கத்து வீட்டுக்காரர் லேகியத்தைக் கலப்பதுபோல் இருக்கிறது.

அமாவாசையும் பவுர்ணமியும்

10,000 கிலோ மீட்டர் அல்லது ஓர் ஆண்டு, இரண்டில் எது முந்துகிறதோ அப்போது எண்ணெய் மாற்றுங்கள் என்று இன்று பல கார்களுக்குச் சொல்கிறார்கள். "நான் வருஷத்துக்கு 3,000 கிலோ மீட்டர்தான் ஓட்டுகிறேன். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதுமே" என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. போதாது. நின்று கிடந்தாலும் எண்ணெய் கெடும். சிறிது தூரம் ஓட்டி உடனே நிறுத்தும் காரில், உள்ளே நீராவி தங்கி எண்ணெயில் கலக்கும். கடைத்தெருவுக்கும் வீட்டுக்கும் மட்டும் போய்வரும் கார்தான் எண்ணெயை அதிகம் கெடுக்கும் கார்!

வாடகைக் கார்களுக்கு வேறு கணக்கு. அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோவிலுக்கும், பவுர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலத்துக்கும் கூட்டம் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். சாலையில் கார்கள் எறும்புபோல் ஊரும். உள்ளே ஏழு பேர். குளிர்சாதனம் ஓடுகிறது. ஒரு மணி நேரத்தில் வண்டி நகர்ந்தது ஐந்து கிலோ மீட்டர். ஆனால் என்ஜின் சுற்றியது முழுதாக ஒரு மணி நேரம்! கிலோ மீட்டர் கடிகாரம் ஐந்துதான் காட்டும். எண்ணெய் உழைத்த உழைப்பு அதில் தெரியாது.

இதைக் "கடுமையான ஓட்டம்" என்று புத்தகத்தில் தனியாகவே போட்டிருப்பார்கள். தூசி நிறைந்த சாலை, அதிகச் சுமை, நின்று நின்று போவது எல்லாம் இதில் சேரும். அப்படி ஓடும் வண்டிக்கு எண்ணெயை முன்கூட்டியே மாற்ற வேண்டும். மாற்றும்போது வடிகட்டியையும் மாற்ற வேண்டும். "வடிகட்டி நன்றாகத்தான் இருக்கிறது, அடுத்த தடவை பார்க்கலாம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குளித்து விட்டு அழுக்கு வேட்டியைக் கட்டுவதா?

புது வண்டி எடுத்தால் கோவிலுக்குக் கொண்டு போகிறோம். மாலை போடுகிறோம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறோம். நன்றாகச் செய்யுங்கள். அதே பக்தியோடு மாதம் இரண்டு தடவை அந்தக் கம்பியையும் இழுத்துப் பாருங்கள்.

எந்தக் கம்பி?

என்ஜின் பக்கத்தில் மஞ்சள் நிறத்திலோ, சிவப்பு நிறத்திலோ வளையம் வைத்த ஒரு கம்பி இருக்கும். காரைச் சமதரையில் நிறுத்துங்கள். என்ஜினை அணைத்துச் சில நிமிடம் பொறுங்கள். கம்பியை உருவித் துணியால் துடைத்து, மறுபடி முழுவதும் செருகி எடுங்கள். கம்பியில் இரண்டு குறிகள் இருக்கும். எண்ணெய் அந்த இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். கீழ்க்குறிக்குக் கீழே போனால் ஆபத்து. மேல்குறிக்கு மேலே போனாலும் கெடுதல். அதிகம் ஊற்றினால் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கி விடும் என்ஜின்.

எண்ணெய் கறுத்து விட்டதே என்று பயப்பட வேண்டாம். டீசல் காரில் புது எண்ணெய் சில நாளிலேயே கறுக்கும். கரியைக் கழுவி எடுக்கிறது என்று அர்த்தம். ஆனால் மோர் கலந்ததுபோல் வெளுத்து இருந்தால், தண்ணீர் உள்ளே போகிறது. உடனே பட்டறைக்குப் போங்கள்.

ஸ்டியரிங்குக்கு முன்னால் உள்ள பலகையில் சிவப்பாக ஒரு படம் எரியும். பழங்கால எண்ணெய்ச் சொம்புபோல் மூக்கு நீண்டு, நுனியில் ஒரு சொட்டு. சாவி போட்டதும் எரிந்து, வண்டி கிளம்பியதும் அணைந்து விட வேண்டும். ஓடும்போது அது எரிந்தால், "வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்" என்று ஒரு கிலோ மீட்டர்கூட ஓட்டாதீர்கள். ஓரம் கட்டி என்ஜினை அணையுங்கள். அந்த ஒரு கிலோ மீட்டரில் என்ஜின் போய் விடலாம்.

தமிழில் ஒரு சீட்டு

"புத்தகத்தைப் பார், புத்தகத்தைப் பார் என்கிறீர்களே! அது ஆங்கிலத்தில் அல்லவா இருக்கிறது?"

நியாயமான கேள்வி. நான் பார்த்த கார்ப் புத்தகங்களில் பல ஆங்கிலத்தில்தான் இருந்தன. 200 பக்கம், 300 பக்கம். பொடி எழுத்து. காரை வாங்கும்போது பிளாஸ்டிக் உறையோடு கொடுப்பார்கள். விற்கும்போது அதே உறையோடு அடுத்தவருக்குப் போகும்!

பழைய காராக வாங்குகிறவருக்கு அந்தப் புத்தகமும் கிடைப்பதில்லை. சில கார்களில் எண்ணெய் ஊற்றும் மூடியின் மேலேயே எண்ணைப் பொறித்திருக்கிறார்கள். மெச்சத்தக்க காரியம். ஆனால் எல்லாக் கார்களிலும் இல்லை.

கார்க் கம்பெனிகள் தமிழ்நாட்டில் தொழிற்சாலை வைத்திருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் தயாராகி வருகின்றன. தமிழ்த் தொழிலாளர்கள் செய்த காரைத் தமிழர்கள் வாங்குகிறார்கள். அந்தக் காரின் மூடிக்கு அடியில், உள்ளங்கை அகலத்துக்குத் தமிழில் ஒரு சீட்டு ஒட்டினால் என்ன? "இந்த எண்ணெய், இத்தனை லிட்டர், இத்தனை மாதத்துக்கு ஒரு தடவை." மூன்றே வரி. ஒரு காருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. இதைச் சட்டம் போட்டுத்தான் செய்ய வைக்க வேண்டும் என்றால், சட்டமே போடலாம். மருந்துப் புட்டியிலும் பால் பாக்கெட்டிலும் என்ன எழுத வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பல லட்சம் ரூபாய்ப் பொருளுக்கு இருக்கக்கூடாதா?

டிரைவிங் பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வேண்டுகோள். எட்டுப் போடச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். கியர் மாற்றச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். அந்தக் கம்பியை இழுத்துப் பார்க்கவும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். லைசென்சு கொடுப்பதற்கு முன்பு அதையும் செய்து காட்டச் சொன்னால் இன்னும் நல்லது.

அதுவரை நீங்களே ஒரு காரியம் செய்யலாம். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால், அந்தப் புத்தகத்தைக் கொடுத்து எண்ணெய் பற்றிய பக்கத்தைத் தேடச் சொல்லுங்கள். எண்ணையும் எழுத்தையும் ஓர் அட்டையில் எழுதி, கார்ச் சாவியோடு கட்டி விடுங்கள். பட்டறைக்குப் போனால் அந்த அட்டையை நீட்டுங்கள். மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். நல்ல மெக்கானிக்குக்கு, விவரம் தெரிந்த வாடிக்கைக்காரரைப் பிடிக்கும்.

காலி டப்பா

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. எண்ணை எல்லாம் சரியாகப் பார்த்து வாங்கிய டப்பாவே போலியாக இருந்தால்?

இருக்கிறது, அந்த ஆபத்தும். பெயர் பெற்ற கம்பெனியின் காலி டப்பாவில், பழைய எண்ணெயை வடிகட்டி அடைத்து விற்கும் கும்பல்களைப் போலீசார் அவ்வப்போது பிடிக்கிறார்கள். அதனால் சில்லறையாக அளந்து ஊற்றும் எண்ணெயை வாங்காதீர்கள். மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா, தயாரித்த மாதம், தொகுதி எண், அதிகபட்ச விலை எல்லாம் அழியாமல் அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். பில் கேளுங்கள். ரொம்ப மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

வடித்து எடுத்த பழைய எண்ணெய் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். பட்டறைக்குப் பின்னால் மண்ணில் கொட்டினால், மழை பெய்ததும் அது ஏரிக்குப் போகும். ஒரு லிட்டர் பழைய எண்ணெய் 10 லட்சம் லிட்டர் தண்ணீரைக் கெடுக்க வல்லது என்று கணக்குச் சொல்கிறார்கள். பழைய எண்ணெயைத் திரும்பப் பெற்றுச் சுத்தம் செய்யும் பொறுப்பை, விற்கும் கம்பெனிகளின் தலையில் 2024 ஏப்ரல் முதல் மத்திய அரசு வைத்திருக்கிறது. ஆகவே பட்டறைக்காரர் அதைப் பீப்பாயில் சேர்த்து, அனுமதி பெற்றவரிடம் கொடுக்க வேண்டும். மண்ணில் ஊற்றவும் கூடாது, அடுப்பு எரிக்கவும் கூடாது.

காலி டப்பாவையோ அப்படியே பட்டறையில் விட்டு வராதீர்கள். ஆணியால் இரண்டு மூன்று இடத்தில் குத்தி ஓட்டை போடுங்கள். மேலே ஒட்டிய சீட்டையும் கிழித்து விடுங்கள். பிறகு பழைய பிளாஸ்டிக்காரரிடம் போடலாம்.